உங்கள் தூரம் எது? முதிர்ந்த கலைமானைத் தேடும் வில்லாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வட அமெரிக்காவின் காடுகளிலும் வயலோரங்களிலும் வெள்ளைவால் மானைத் தேடி வில்லோடு செல்லும் அன்பர்களே,

முதிர்ந்த வெள்ளைவால் கலைமான் என்பது நான்கு வயதைக் கடந்த ஆண் மான். எலும்புக் கட்டு முழுமை பெற்று, மூன்று நான்கு வேட்டைப் பருவங்களைத் தப்பிக் கடந்து, மனித நடமாட்டத்தின் அடையாளங்களை எல்லாம் அறிந்துவைத்திருக்கும் விலங்கு அது. துப்பாக்கியோடு போகிறவருக்கே எளிதில் அகப்படாது. வில்லோடு போகிற நீங்கள் அது இருபது முப்பது கஜத்துக்குள் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபின் அதன் கண்ணில் படாமல் நாணை இழுக்க வேண்டும். இழுத்தபின் ஒரே அம்பில், அதன் வேதனையை நீட்டாமல், காரியத்தை முடிக்க வேண்டும். இவை மூன்றும் ஒருசேர அமைவது அரிது. அதனால்தான் இரண்டு மூன்று பருவங்கள் வெறுங்கையோடு திரும்பியவர்களில் பலர் தங்கள்மேலேயே நம்பிக்கை இழக்கிறார்கள். சிலர் வில்லை மூலையில் வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் அதைவிடக் கெட்ட வழிக்குப் போகிறார்கள். எட்டாத தூரத்தில் நிற்கும் மானை நோக்கி அதிர்ஷ்டத்தை நம்பி அம்பை விடுகிறார்கள். இந்த மடல் இரு சாராருக்கும் உரியது.

வேட்டையில் நம்பிக்கை என்பது, நீங்களே சோதித்து உறுதி செய்துகொண்ட உண்மைகளின் கூட்டுத்தொகை. மான் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா, அதன் வயது என்ன, காற்று எந்தப் பக்கம் போகிறது, உங்கள் கைக்கு வசமான தூரம் எது, எந்த நிலையில் நிற்கும் மானை எய்யக் கூடாது என்பவையே அந்த உண்மைகள். இவை தெரிந்தவருக்குப் பதற்றம் குறைகிறது. தெரியாதவர் எவ்வளவு விலை கொடுத்து வில் வாங்கினாலும் பரணில் உட்கார்ந்ததும் நடுங்குகிறார். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டால் உங்கள் நம்பிக்கை எங்கே ஒழுகிப்போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் ஒழுகல், உங்களுக்குக் காட்டப்படும் படங்களில் இருக்கிறது. காணொளிகளும் பத்திரிகை அட்டைகளும் வாரந்தோறும் பெரிய கொம்புகளையே காட்டுகின்றன. அவற்றில் பல, வேட்டையைக் கட்டுக்குள் வைத்து மான்களை முதிரவிடும் பரந்த தனியார் நிலங்களில் எடுக்கப்பட்டவை. அந்த ஒரு கணத்துக்கு முன் வீணாகக் கழிந்த நாட்களை யாரும் காட்டுவதில்லை. அவற்றைப் பார்த்துவிட்டு, வார இறுதியில் மட்டும் பொது நிலத்துக்குப் போகும் நீங்கள், உங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இது உங்களுக்கு இழைக்கப்படும் அநீதி. அதை நீங்களே உங்களுக்கு இழைத்துக்கொள்வது இன்னும் பெரிய அநீதி.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வேட்டையாடப்பட்ட கொம்புள்ள மான்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒன்றரை வயதுக் குருத்துகள். முதிர்வதற்கு முன்பே கொல்லப்பட்டால் முதிர்ந்த கலைமான் எங்கிருந்து வரும்? 1988இல் தெற்கு கரோலினாவில் உயிரியலாளர் ஜோ ஹாமில்டன் தொடங்கிய தரமான மான் மேலாண்மைச் சங்கம் இந்தக் கேள்வியைத்தான் வேட்டைக்காரர்கள் முன் வைத்தது. இளங்கலைகளை விட்டுவிடுங்கள், தேவையான அளவு பெண்மான்களை எடுங்கள் என்பதே அதன் அறிவுரை. அந்தச் சங்கம் 2020இல் வேறோர் அமைப்போடு இணைந்து தேசிய மான் சங்கமாயிற்று. இளங்கலைகளின் பங்கு அண்மை ஆண்டுகளில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இந்த மாற்றம் எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவில் நிகழவில்லை. ஆகவே நீங்கள் போகும் நிலத்தில் முதிர்ந்த கலைமான் ஒன்றாவது இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இல்லாத மானை எய்ய முடியாமல் போனது யாருடைய தோல்வியும் அல்ல.

உறுதி செய்யும் வழி எளிது. அதற்குப் பொறுமை வேண்டும். பருவம் முடிந்தபின் வரும் மாதங்களில், இலையுதிர்ந்து கிடக்கும் காட்டில் நடந்து பாருங்கள். உரித்த பட்டையோடு நிற்கும் மரங்கள், தாழ்ந்த கிளைக்கு அடியில் குளம்பால் கீறிக் கிளறிய தரை, மேட்டின் ஓரத்திலும் புதர் நடுவிலும் அழுந்திக் கிடக்கும் படுக்கைகள், அவற்றை உணவிடத்தோடு இணைக்கும் ஒற்றையடித் தடங்கள் எல்லாம் அப்போது தெளிவாகத் தெரியும். அந்த மாதங்களில் நீங்கள் மானைக் கலைத்துவிட்டாலும் அடுத்த பருவத்துக்குள் அது மறந்துவிடும். கலைமான் நடமாடும் எல்லை நிலத்துக்கு நிலம் மாறினாலும், பல இடங்களில் அது சுமார் ஒரு சதுர மைல். அந்த எல்லையைக் கால்களால் அறிந்தவர் பரணில் உட்காரும்போது வெறும் காட்டைப் பார்ப்பதில்லை. எந்தப் பக்கமிருந்து மான் வரக்கூடும் என்பதற்கு அவரிடம் காரணம் இருக்கிறது. காரணத்தோடு காத்திருப்பவர் நாள் முழுவதும் காத்திருப்பார்.

அடுத்தது வயது. கொம்பைக் கொண்டு வயதைக் கணிக்காதீர்கள். கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வசந்தத்தில் தொடங்கி, கோடை முழுவதும் மென்தோல் போர்த்து வளர்ந்து, ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் அந்தத் தோலை உரித்துக்கொண்டு வெளிப்படுகிறது. அதன் பருமன் வயதை மட்டுமின்றித் தீவனத்தையும் மரபையும் பொறுத்தது. சத்தான சோயா வயலில் மேய்ந்த இரண்டரை வயது மானின் கொம்பு, வறண்ட மலைக்காட்டின் ஐந்து வயது மானுடையதைவிடப் பெரிதாக இருக்கலாம். உடலைப் பாருங்கள். ஒன்றரை வயது மானுக்கு நீண்ட கால்களும் மெல்லிய கழுத்தும் ஒட்டிய வயிறும் இருக்கும். கொம்பை மறைத்துப் பார்த்தால் பெண்மான் என்றே தோன்றும். முதிர்ந்த கலைக்கு மார்பு பருத்து, வயிறு தொங்கி, கழுத்து நேரே தோளில் இறங்கியிருக்கும். உடலின் பருமனால் கால்கள் குட்டையாகத் தெரியும். பெரும்பாலான கலைகளின் கொம்பு ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் உச்சத்தை அடைகிறது. இதை நீங்கள் கற்றுக்கொண்டால், கண்முன் நிற்கும் மான் தேடி வந்ததுதானா என்ற குழப்பத்தில் கடைசி நொடியில் கை தளராது.

மூன்றாவது, காற்று. முதிர்ந்த கலையின் புலன்களில் ஏமாற்றவே முடியாதது அதன் மூக்கு. கண்ணை ஓரளவு ஏமாற்றலாம். மானின் கண் நீலத்தை நன்றாகக் காணும். சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறியாது. துப்பாக்கிப் பருவத்தில் சட்டம் கேட்கும் ஆரஞ்சு மேலங்கி உங்களைக் காட்டிக்கொடுக்காததற்கு அதுவே காரணம்; அசைவுதான் காட்டிக்கொடுக்கும். மூக்கிடம் இந்தச் சலுகை எதுவும் இல்லை. மணம் அகற்றும் சோப்பும் தெளிப்பானும் ஓரளவு உதவலாம். அவற்றை நம்பிக் காற்றின் மேல்புறத்தில் உட்காராதீர்கள்.

வானிலை அறிக்கை சொல்லும் காற்று வேறு, பள்ளத்தாக்கில் உண்மையில் வீசும் காற்று வேறு. காலையில் வெயில் ஏறும்போது தரை சூடாகிக் காற்று சரிவில் மேலேறும். மாலையில் குளிரும்போது அதே காற்று சரிவில் இறங்கி ஓடைப்பக்கம் தேங்கும். காலையில் கச்சிதமாக அமைந்த பரண், மாலையில் உங்கள் மணத்தை நேரே மானின் படுக்கைக்கே அனுப்பக்கூடும். ஆகவே ஒவ்வொரு பரணுக்கும் எந்தக் காற்று, எந்த வேளை என்று எழுதிவையுங்கள். காற்று தவறிய நாளில் அங்கே போகாமல் இருப்பதும் வேட்டையின் பகுதிதான். பரணுக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் அதே கணக்கில் அடங்கும். தெற்கு கரோலினாவில் கலைமான்களுக்கு ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை அணிவித்து நடத்திய ஆய்வில், ஆள் உட்கார்ந்து சென்ற பரணின் சுற்றுப்புறத்தை அவை பகலில் சில நாட்களுக்குத் தவிர்த்தது தெரியவந்தது. மான் காட்டைவிட்டுப் போய்விடவில்லை. உங்கள் நேரத்தைவிட்டுத்தான் போனது. ஒரே பரணில் நாள் தவறாமல் உட்கார்ந்துவிட்டு இங்கே மானே இல்லை என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நான்காவது, நாட்காட்டி. செப்டம்பரில் கலைகள் பெரும்பாலும் உணவிடத்துக்கும் படுக்கைக்கும் இடையே ஒழுங்காக நடமாடும். அக்டோபரில் பகல் நடமாட்டம் குறைந்ததுபோல் தோன்றும்; பல சமயம் இடமும் தீவனமும் மாறியிருக்கும், அவ்வளவே. மத்திய மேற்கு மாநிலங்களிலும் வடக்கிலும் நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் உச்சம் அடைகிறது. பகல்பொழுது குறைவதே அதைத் தூண்டுவதால், அந்தப் பகுதிகளில் உச்ச நாட்கள் ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை. பெண்மானின் கருக்காலம் ஏறத்தாழ 200 நாட்கள். நவம்பரில் கருவுற்றால் தீவனம் செழித்த மே, ஜூன் மாதங்களில் குட்டி பிறக்கும். தெற்கே கணக்கு வேறு. தெற்கு டெக்சாஸில் உச்சம் டிசம்பர், அலபாமாவின் பல பகுதிகளில் ஜனவரி. உங்கள் மாநிலத்தின் நாட்களை அறிந்து விடுப்பை அதற்கேற்ப எடுங்கள். முதிர்ந்த கலை நண்பகலிலும் நடமாடுவது அந்த நாட்களில்தான். பத்து மணிக்குப் பரணை விட்டு இறங்குகிற பழக்கத்தை அப்போதாவது விடுங்கள்.

இனி வில். உங்களில் பலர் நம்பிக்கைக் குறைவுக்கு வில்லைக் காரணமாகச் சொல்கிறீர்கள். வில்லால் எய்யப்பட்டவற்றுள் இயல்பான கொம்பமைப்புடைய வெள்ளைவால் மானுக்கான உலகச் சாதனை 1965இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா வட்டாரத்தில் மெல் ஜான்சன் எய்தது. அதன் கொம்பின் மதிப்பெண் 204 4/8 அங்குலம். அவர் கையில் இருந்தது கப்பிகள் இல்லாத பழைய ரிகர்வ் வில். கப்பிகள் பூட்டிய காம்பவுண்டு வில்லுக்கு மிசூரியின் ஹாலஸ் வில்பர் ஆலன் காப்புரிமை பெற்றது 1969இல்தான். இன்று உங்கள் கையில் இருக்கும் காம்பவுண்டு வில், முழு இழுவையில் பாரத்தின் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்கிறது. நொடிக்கு 280 அடி வேகத்தில் அம்பை அனுப்புவது அதற்குச் சாதாரணம். கருவியில் குறை இருப்பது அபூர்வம். மான் வேட்டைக்குச் சட்டப்படி இல்லினாய் குறைந்தது 30 பவுண்டு இழுவிசையும் ஒஹையோ 40 பவுண்டும் கேட்கின்றன. உட்கார்ந்த நிலையிலிருந்து, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல், சீராக இழுக்க முடிகிற பாரமே உங்களுக்கு உகந்த பாரம். நண்பர் 70 பவுண்டு இழுக்கிறார் என்பதற்காக நீங்களும் இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குப் பதில் அம்புமுனையின் அலகைச் சவரக்கத்திபோல் கூராக வைத்திருங்கள்; மான் வீழ்வது அந்த வெட்டினால்.

இந்த மடலின் நடுநாயகமான விஷயம் தூரம். நொடிக்கு 280 அடி செல்லும் அம்பு 20 கஜத்தைக் கடக்க ஏறத்தாழ 0.21 நொடி ஆகும். 40 கஜத்துக்கு 0.43 நொடி. நாண் விடுபடும் ஒலியோ நொடிக்குச் சுமார் 1,100 அடி வேகத்தில் போகிறது. அதாவது அம்பு வருமுன்பே ஒலி மானை அடைந்துவிடும். 20 கஜத்தில் அதற்குப் பின் மானுக்குக் கிடைக்கும் அவகாசம் சுமார் 0.16 நொடி, 40 கஜத்தில் அது இருமடங்கு. மிரண்ட மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். நெஞ்சை நோக்கிப் போன அம்பு அப்போது முதுகெலும்பின் ஓரத்தைத் தைக்கும், அல்லது மேலே பறந்துபோகும். உங்கள் குறி பிழையற்றதாக இருந்தாலும் இது நிகழும். அட்டை இலக்கில் 60 கஜத்தில் அம்புகளை ஒட்டி ஒட்டி நடுபவருக்கும் இதே கதிதான். அட்டை அசைவதில்லை, மான் அசைகிறது.

உங்கள் தூரத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியைச் சுமார் எட்டு அங்குல வட்டமாகக் கொள்ளுங்கள். அந்த அளவு வட்டம் ஒன்றை வைத்து, கை சூடேறாத நிலையில், நாளுக்கு ஒரே ஓர் அம்பை எய்யுங்கள். பரணில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த முதல் அம்புதான். பயிற்சிக் களத்தின் இருபதாவது அம்பு அல்ல. குளிர்கால உடுப்பை அணிந்து எய்யுங்கள். உட்கார்ந்தும் முழந்தாளிட்டும், பரண் உயரத்திலிருந்து இடுப்பை வளைத்துக் கீழ்நோக்கியும் எய்யுங்கள். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே அம்புமுனையோடு எய்து பாருங்கள். பயிற்சி முனைக்கும் அதற்கும் பாதை வேறுபடலாம். நாணை இழுத்துப் பிடித்து, மான் அடியெடுத்து வைக்கக் காத்திருப்பதுபோல் அரை நிமிடம் நின்று பிறகு விடுங்கள். இத்தனைக்குப் பிறகும் முதல் அம்பு நாள் தவறாமல் வட்டத்துக்குள் விழும் தூரமே உங்கள் தூரம். அது 18 கஜமாக இருந்தால் நீங்கள் 18 கஜ வில்லாளி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த எண்ணை ஏற்றுக்கொண்ட கணத்திலிருந்து உங்கள் வேலை தெளிவாகிவிடுகிறது: மான் 18 கஜத்தில் கடக்கும் இடத்தைத் தேடிப் பரணை அங்கே கட்ட வேண்டும்.

கலைமானைக் கண்டதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் முழங்கால் ஆடுவதும் யாருக்கும் வரும். அனுபவம் அதை அடியோடு போக்குவதில்லை, அடக்கியாளக் கற்றுத்தருகிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எய்வதை மாறாத வரிசையாக்கிக்கொள்வது. கொம்பைப் பார்ப்பதை நிறுத்து, முன்னங்காலுக்குப் பின்னே ஒரு மயிர்க்கற்றையைத் தேர்ந்தெடு, நாணை முகத்தில் வழக்கமான இடத்தில் பதி, குறியை நிலைக்கவிடு, மெல்ல விடு. பயிற்சியின்போது ஒவ்வோர் அம்புக்கும் இதே வரிசையை மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறவருக்கு, பதற்ற நேரத்திலும் அந்த வரிசை தானாக ஓடும். மற்றொன்று, பெண்மானிலிருந்து தொடங்குவது. பல மாவட்டங்களில் மான்தொகை நிலத்தின் தாங்குதிறனுக்கு மேல் இருப்பதால், பெண்மான்களை எடுக்குமாறு வனவிலங்குத் துறைகளே கேட்டுக்கொள்கின்றன. முதிர்ந்த பெண்மானின் எச்சரிக்கை கலைமானுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதன்முன் அசையாமல் நாணை இழுத்து, சுத்தமாக எய்து, தேடி எடுத்து, வீட்டாருக்கு இறைச்சி கொண்டுவந்தவர் பெற்ற நம்பிக்கையை எந்தக் காணொளியும் தராது. பெண்மானை எய்ததற்காக உங்களை யாராவது கேலி செய்தால், வேட்டையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எய்யக் கூடாத நிலைகளையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பக்கவாட்டில் நிற்கும் மானையும், உடலைச் சற்று அப்பால் திருப்பி நிற்கும் மானையும் எய்யலாம்; இரண்டிலும் அம்புக்கு நுரையீரல் வரை வழி திறந்திருக்கும். நேர் எதிரே நிற்கும் மான், புட்டத்தைக் காட்டி நிற்கும் மான், கிளைகளுக்குப் பின்னால் நிற்கும் மான், தலையை உயர்த்தி உங்களையே உற்றுப் பார்க்கும் மிரண்ட மான் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மேரிலாந்தில் கடற்படைத் தளம் ஒன்றில் பல ஆண்டுகள் பதிவுகளைப் பேணி 2008இல் வெளியிட்ட ஆய்வில், அம்பு பட்ட மான்களில் சுமார் 18 விழுக்காடு மீட்கப்படாமல் போனது தெரிந்தது. அங்கே எய்தவர்கள் திறமையைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லாளிகள். அவர்களுக்கே அந்த நிலை என்றால், தன் தூரம் இன்னதென்று தெரியாமல் எய்பவரின் கணக்கு எப்படி இருக்கும்? காயத்தோடு காட்டுக்குள் போய்விட்ட மானைப்போல வில்லாளியின் நம்பிக்கையைக் குலைப்பது வேறில்லை. மானுக்கு அது வேதனை. உங்களுக்கு அது பல இரவுகளின் தூக்கமிழப்பு.

எய்தபின் செய்ய வேண்டியதையும் பலர் அவசரத்தால் கெடுக்கிறார்கள். மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அம்பைக் கண்டெடுத்து இரத்தத்தைப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைச் சொல்கிறது. அரை மணி நேரமாவது பொறுத்துப் பின்தொடருங்கள். கருஞ்சிவப்பு கல்லீரலைச் சொல்கிறது; நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காத்திருங்கள். பச்சை நிறப் பசையும் நாற்றமும் குடலைச் சொல்கின்றன; எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்தத் திசைக்கே போகாதீர்கள். கலைக்காமல் விட்டால் அடிபட்ட மான் பெரும்பாலும் அருகிலேயே படுத்துவிடும். துரத்தினால் மைல் கணக்கில் போகும். பல மாநிலங்கள் மோப்ப நாயைக் கயிற்றில் கட்டி அழைத்துச் சென்று தேட அனுமதிக்கின்றன. அத்தகைய நாய் வைத்திருப்பவரின் தொலைபேசி எண்ணைப் பருவத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

பரணில் ஏறும் ஒவ்வொருவரும் தரையில் கால் இருக்கும்போதே முழுவுடல் பாதுகாப்புக் கச்சையை அணிந்து, அடிமரத்திலிருந்து உச்சிவரை செல்லும் உயிர்க்கயிற்றில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். மான் வேட்டையில் கடுமையாக அடிபடுபவர்களில் பலர் பரணிலிருந்து விழுந்தவர்களே. ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும்போதும்தான் ஆபத்து மிகுதி. வில்லைக் கையில் பிடித்து ஏறாதீர்கள்; கயிற்றில் கட்டிப் பின்னால் தூக்குங்கள். விழ மாட்டோம் என்ற உறுதி இருந்தால்தான் உடல் தளர்ந்து, நாண் சீராக வரும். இதுவும் நம்பிக்கையின் பகுதிதான்.

இந்த வேட்டை உங்களுக்குக் கிடைத்ததே ஒரு தலைமுறையின் கட்டுப்பாட்டால்தான் என்பதையும் மறக்காதீர்கள். சந்தைக்காகக் கொன்று குவித்ததில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எஞ்சியிருந்த வெள்ளைவால் மான்கள் சில லட்சமே. வேட்டை நாட்களுக்கு வரம்பு கட்டியும், இறைச்சி வணிகத்தை நிறுத்தியும், மான்களைப் பிடித்து வேறிடங்களில் விட்டும் அவற்றை மீட்டார்கள். இன்று அவை ஏறத்தாழ மூன்று கோடி. விஸ்கான்சின் 1934இல் வில்லுக்கென்று தனி மான் பருவத்தை அனுமதித்தபோது, வில் ஒரு மானைக் கண்ணியமாக வீழ்த்துமா என்று ஐயப்பட்டவர்கள் பலர். அந்த ஐயத்துக்கு விடை சொன்னவர்கள் நெருங்கி நின்று எய்த வில்லாளிகள். 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குகளுக்கு ஒதுக்கியது. 1972இன் திருத்தத்தால் வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. நீங்கள் வாங்கும் வில்லிலிருந்தும் ஒரு பங்கு காட்டுக்குப் போகிறது. இன்று உங்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. முதிர்ந்த கலைகளிடம் கூடுதலாகக் காணப்படும் நாட்பட்ட மெலிவு நோய் 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடையே முதலில் அறியப்பட்டு இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. அது உள்ள பகுதியில் எய்த மானைச் சோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை உண்ணாதீர்கள்.

அனுபவம் மிக்க வில்லாளிகளே, உங்களிடம் கேட்பது இது. புதியவர்களிடம் கொம்பின் அங்குலத்தை மட்டும் பேசாதீர்கள். தவறவிட்ட அம்புகளையும், காற்று மாறிக் கெட்ட மாலைகளையும், எய்யாமல் விட்ட கலைமான்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மானைப் போகவிட்டு வந்தவரை, எய்து வந்தவருக்கு நிகராக மதியுங்கள். அந்த ஒரு மரியாதை எத்தனையோ மான்களைக் காயத்திலிருந்து காக்கும்.

புதிய வில்லாளிகளே, பருவம் திறக்கும் முன் உங்கள் தூரத்தைச் சோதித்து, அந்த எண்ணை வில்லின் கைப்பிடியருகே எழுதி ஒட்டுங்கள். அதற்கு ஒரு கஜம் அப்பால் நிற்கும் கலைமான், எத்தனை பெரிய கொம்போடு நின்றாலும், அன்றைக்கு உங்களுடையதல்ல. அதைப் போகவிடுங்கள். காற்றைப் பார்த்து, பரணை மாற்றி, அடுத்த நாள் இன்னும் நெருக்கமான இடத்தில் காத்திருங்கள். அப்படிக் காத்திருக்கத் தெரிந்தவரே முதிர்ந்த கலைமானை எய்யத் தகுதி பெற்ற வில்லாளி.